தட்டக்கா

இரண்டு முட்டைகளை ஒரே கையில் எடுத்துக் காதருகே கொண்டுபோய், ஒன்றோடொன்று மெல்லத் தட்டுகிறாள். 'கிண்' என்கிறது. "வண்டிக்கு" என்று சொல்லி அட்டைக் குழிகளில் வைக்கிறாள். அடுத்த இரண்டு. 'கிண்.' "வண்டிக்கு." அடுத்த இரண்டு. 'பொத்.' கை அப்படியே நிற்கிறது. "யாருடா அது?" என்று முட்டைகளை அதட்டுகிறாள். ஒவ்வொன்றையும் வேறொரு முட்டையோடு தட்டிப் பார்த்துக் குற்றவாளியைப் பிடித்துவிடுகிறாள். வெளிச்சத்தில் திருப்பினால்தான் அந்த விரிசல் கண்ணுக்குத் தெரியும். "வீட்டுக்கு" என்று சொல்லி, பக்கத்தில் இருக்கும் அலுமினியக் குண்டானில் போடுகிறாள். வேலை முடிகிறவரை பார்வை வாசலில்தான் இருக்கிறது. முட்டை வாங்கிப்போகும் வண்டி எந்த நேரமும் வந்துவிடலாம்.

அந்த வண்டிக்காரர்தான் அவளுக்குத் தட்டக்கா என்று பெயர் வைத்தார். முட்டையோடு நிறுத்தியிருந்தால் இந்தப் பெயர் நிலைத்திருக்காது. பூசணிக்காயைத் தட்டுவாள், முற்றியதா என்று. தண்ணீர்த் தொட்டியைத் தட்டுவாள், எவ்வளவு மிச்சம் என்று. கேஸ் சிலிண்டர், விதை டப்பா, வண்டியின் டயர், எதுவும் அவள் விரல் முட்டிக்குத் தப்பியதில்லை. ஒருநாள் வண்டிக்காரர் கொட்டகைக் கதவில் சாய்ந்து நின்றிருந்தார். அவர் தலைக்கு மேலே பலகையைத் தட்டிவிட்டு, "உள்ள செல்லரிச்சுக் கெடக்கு, சாயாதீங்க தம்பி" என்றாள். "நல்லவேளை அக்கா, என் தலையைத் தட்டிப் பார்க்கல" என்றார் அவர். "அதுக்குத் தட்ட வேற வேணுமா?" என்று கேட்டுவிட்டு அடுத்த முட்டையை எடுத்தாள்.

ஆனால் அவள் தட்டிக் கேட்பது பொருள்களை மட்டும்தான். மனிதர்களைத் தட்டிக் கேட்க வேண்டிய இடம் வந்தால் வாய் எழாது. கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே நிற்பாள். வயது ஐம்பதை நெருங்குகிறது. ஒல்லி. நடப்பதை நீங்கள் பார்க்க முடியாது, ஓடுவதைத்தான் பார்க்கலாம். கோழிக்கூண்டிலிருந்து அடுப்புக்கு, அடுப்பிலிருந்து தோட்டத்துக்கு, தோட்டத்திலிருந்து முட்டைக் கொட்டகைக்கு. போகிற வழியெல்லாம் எதையோ மறந்துவிட்டது போல நெற்றியையும் ஒரு தட்டு தட்டிக்கொள்வாள்.

அவள் கணவருக்கும் தெருவில் ஒரு பெயர் உண்டு. பார்க்கலாம். எதைக் கேட்டாலும் அவர் பதில் அதுதான். மழை வருமா? பார்க்கலாம். கல்யாணத்துக்கு வருவீர்களா? பார்க்கலாம். கெட்ட மனிதர் இல்லை. வீட்டில் குரல் உயர்த்தியதில்லை. ஆனால் நிலத்தில் எதை விதைப்பது, எப்போது அறுப்பது, யாருக்குப் போடுவது என்பதெல்லாம் அவர் மனசுக்குள்ளேயே பார்த்து முடிந்துவிடும். விதை மூட்டை வாசலில் வந்து இறங்கும்போதுதான் தட்டக்காவுக்குச் சேதி தெரியும். மூட்டையைத் தட்டி, "என்னங்க இது?" என்பாள். "மக்காச்சோளம்." "போன தடவையும் அதானே போட்டோம்? காய்கறி ஏதாச்சும் போட்டா என்ன?" "பார்க்கலாம்."

ஒருமுறை விவசாயிகள் கூட்டம் என்று அழைத்தார்கள். மனைவியையும் கூட்டி வர வேண்டும் என்று சொல்லியிருந்ததால் அவளும் போனாள். பேச வந்திருந்த பெண் அதிகாரி, "உங்க வீட்டுல என்ன விதைக்கணும்னு யார் சொல்றாங்க?" என்று கேட்டார். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். "சரி, உங்களுக்குன்னு ஒரு துண்டு நிலம் இருந்தா என்ன போடுவீங்க?" என்று கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. திரும்பி வரும்போது மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்திருந்த தட்டக்கா, கணவரின் முதுகில் தட்டினாள்.

"மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்துல சும்மா கெடக்குதே, அந்தத் துண்டை எனக்குக் குடுங்களேன்."

"பார்க்கலாம்."

மறுநாள் காலை அவர் பல் தேய்த்துக்கொண்டே அந்தப் பக்கம் போனபோது பாதித் துண்டு கொத்தி முடிந்திருந்தது. மண்வெட்டியும் கையுமாக நிமிர்ந்தவள், "பார்க்கலாம்னீங்களே, இப்பப் பாருங்க" என்றாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படித்தான் அந்தத் துண்டு அவளுடையது ஆயிற்று. கீரை போட்டாள், அவரை போட்டாள், ஓரத்தில் தக்காளி. எதைப் போட வேண்டும் என்று அங்கே யாரும் அவளுக்குச் சொல்வதில்லை. பறிப்பதும் கொடுப்பதும் அவள் இஷ்டம்.

இந்த இடத்தில்தான் தட்டக்கா நம்மை ஏமாற்றிவிடுகிறாள். முதல் கீரை முழங்கால் உயரம் வளர்ந்து, இலை பளபளவென்று நின்றது. அவள் இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள். "இவ்வளவு நல்லா வந்திருக்கு. இதைப் போயி நாம திங்கறதா?" என்றாள். கட்டுக் கட்டாகக் கட்டி வண்டிக்குப் போட்டாள். பூச்சி அரித்ததும் பழுத்ததும் வீட்டுக்கு. தக்காளியில் வெடித்தது வீட்டுக்கு. அவரையில் முற்றியது வீட்டுக்கு. யாரும் அவளுக்கு உத்தரவு போடவில்லை. நல்லது என்றால் அது வாசல் தாண்டிப் போக வேண்டியது என்று எந்தக் காலத்திலோ அவள் மனசில் பதிந்துவிட்டது. சொந்தத் துண்டு நிலம் வந்த பிறகும் அது மாறவில்லை. எனக்கு அவள் மேல் கோபம் வருவது இந்த ஒரு விஷயத்தில்தான்.

வீட்டுக்குள் வந்து பாருங்கள். இரண்டு அறை, ஒரு சமையற்கட்டு. சுவரில் அடித்த பலகையில் தட்டுகள் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். விளிம்பு அகலமானது கணவருக்கு. அடுத்தது மகனுக்கு, அவன் இல்லாத நாளில் அதில் யாரும் சாப்பிடுவதில்லை. பூப்போட்ட தட்டு மருமகள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தது. விருந்தாளிக்கு இரண்டு. நாள் முழுக்கத் தட்டிக்கொண்டே இருப்பவளுக்கு அங்கே ஒரு தட்டு கிடையாது. "எதுக்கு? கழுவ ஒண்ணு கூடும்" என்பாள். எல்லாரும் எழுந்த பிறகு பானையின் அடியில் ஒட்டியிருப்பதைக் கரண்டியால் சுரண்டி, நின்றபடியே இரண்டு வாய். அதுவும் ஒரு கண் அடுப்பில், ஒரு கண் வாசலில்.

சாப்பிட்டாயா என்று யாராவது கேட்டால் அவளிடம் ஒரே சொல்தான். "ஆச்சு." கேட்கிற நேரம் எதுவானாலும் ஆச்சு. எப்போது ஆச்சு, என்ன ஆச்சு என்று அதற்கு மேல் கேட்க முடியாதபடி அந்தச் சொல்லை அவள் சாத்திவிடுவாள். கணவர் கேட்டால் ஆச்சு. தொலைபேசியில் மகன் கேட்டால் ஆச்சு. அவன் அறுவடை இயந்திரம் ஓட்டுகிறவன். கதிர் எங்கே முற்றுகிறதோ அந்தப் பக்கம் போய்விடுவான், மாதக்கணக்கில் திரும்ப மாட்டான். மனைவியை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறான். "அம்மா இருக்காங்க, எனக்கென்ன கவலை?" என்று நண்பர்களிடம் சொல்வானாம்.

மருமகள் தையல்காரர் வீட்டுப் பெண். வந்த புதிதில் கோழியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறி நிற்பாள். இப்போது காலையில் கூண்டுக்குள் கையை விட்டு முட்டை பொறுக்கிக் கூடையில் சேர்ப்பது அவள்தான். பிற்பகலில் தட்டிப் பிரிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து அவளும் தட்டுவாள். வாய்க்குள் ஏதாவது பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். "பாட்டை நிறுத்தும்மா, முட்டை பேசறது கேட்கல" என்பாள் தட்டக்கா. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே நிறுத்துவாள். இப்போதெல்லாம் அவள் காது மாமியார் காதுக்குச் சமம். 'பொத்' என்ற சத்தம் வந்தால் இரண்டு கழுத்தும் ஒரே பக்கம் சாயும்.

மருமகளுக்கு இது தலைப்பிரசவம். வயிறு வெளியே தெரிய ஆரம்பித்த சமயத்தில் நர்சம்மா ஸ்கூட்டரில் வந்து, விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைச் சின்ன இயந்திரத்தில் வைத்துப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்கும்மா. மாத்திரை தரேன். ஆனா மாத்திரை மட்டும் போதாது. தெனமும் முட்டை, கீரை, பயறு. நல்லதா, வயிறார."

தட்டக்கா மருமகளின் நகத்தைப் பார்த்தாள். தட்டக்காவுக்குப் பின்னால் பிறந்த தங்கை ஒருத்தி இருந்தாள். வெளுத்த நகம், வெளுத்த உதடு. பிரசவத்தில் போனாள். பிள்ளையும் போயிற்று. 'உடம்பில் ரத்தமே இல்லை' என்று யாரோ வெளியே வந்து சொன்னது தட்டக்காவின் காதில் இன்னும் இருக்கிறது. அன்று தங்கை வீட்டு வாசலில் முட்டைகளும் காய்களும் வண்டிக்காக அடுக்கிவைக்கப்பட்டிருந்ததும் நினைவிருக்கிறது. அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசுவதில்லை.

நர்சம்மா வந்துபோன அன்று பிற்பகல் அவள் வாழ்நாளில் செய்யாத ஒன்றைச் செய்தாள். 'கிண்' என்று கணீரென்று ஒலித்த பெரிய முட்டை ஒன்றை எடுத்துச் சத்தமில்லாமல் குண்டானில் வைத்தாள். வாய் பழக்கத்தில் "வண்டிக்கு" என்றுதான் சொல்லிற்று, கை மட்டும் வீட்டுக்கு வைத்தது. நல்ல கீரைக் கட்டு ஒன்றையும் குண்டானுக்குப் பக்கத்தில் வைத்தாள். சமைப்பது அந்தப் பெண். அடுப்படியில் நல்ல முட்டையைப் பார்த்தால் தனக்குத்தான் என்று புரிந்துகொள்ள மாட்டாளா?

'இது உனக்கு' என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். அந்த வீட்டில் அப்படி ஒரு வாக்கியத்தை இதுவரை எந்தப் பெண்ணிடமும் யாரும் சொன்னதில்லை. தட்டக்காவிடமும் சொன்னதில்லை. பழகாத சொல் வாயில் வர மாட்டேன் என்கிறது. அதோடு, சொன்னால் அந்தப் பெண் சும்மா இருக்க மாட்டாள். "நீங்க அத்தை?" என்று கேட்பாள். அதற்கு வேறு பதில் தேட வேண்டும். எதற்கு வம்பு என்று தட்டிக் கழித்துவிட்டாள்.

மறுநாள் குண்டான் காலியாக இருந்தது. அவளுக்குப் பாரம் இறங்கியது. "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டாள்.

"ஆச்சு அத்தை."

தன் சொல்லையே அந்தப் பெண் வாயில் கேட்டதும் தட்டக்காவுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. நம் வீட்டுப் பெண் ஆகிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டாள். தினமும் நல்ல முட்டை ஒன்று குண்டானுக்குப் போயிற்று. தினமும் குண்டான் காலியாயிற்று. தினமும் ஆச்சு.

நர்சம்மா இரண்டாவது முறை வந்து குத்திப் பார்த்தார். இயந்திரத்தை உதறினார், இன்னொரு விரலில் குத்தினார். ஏறியிருக்க வேண்டிய ரத்தம் இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"அம்மா, இவ சாப்பிடறாளா இல்லையா?"

"என்ன நர்சம்மா இப்படிக் கேட்டுட்டீங்க? எங்க வீட்டுல சோத்துக்குப் பஞ்சமா? நல்ல முட்டையா எடுத்து வைக்கிறேன். மாத்திரை என் கண்ணு முன்னாடி முழுங்கறா."

"அப்புறம் ஏன் ஏறல? அடுத்த வாரம் வந்து பார்க்கறேன். அப்பவும் இப்படியே இருந்தா பெரிய ஆஸ்பத்திரியில படுக்க வைக்கணும், ரத்தம் ஏத்தணும். லேசா எடுத்துக்காதீங்க. ரெண்டு உசுரு."

ரெண்டு உசுரு. அந்த வாரம் முழுக்க அந்தச் சொல் அவளுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. கை ஓடவில்லை, கால் ஓடவில்லை என்று மற்றவர்கள் சொல்வார்கள், இவளுக்கு இரண்டும் கூடுதலாக ஓடின. மருமகள் துணி காயப் போட்டால் பின்னாலேயே போய் நகத்தைப் பார்த்தாள். படியேறினால் மூச்சு வாங்குகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். மதியம் அந்தப் பெண் சற்றுக் கண்ணயர்ந்தால் பக்கத்தில் குந்தி, கீழிமையை மெல்ல இழுத்துச் சிவப்பு இருக்கிறதா என்று தேடினாள். "என்ன அத்தை?" என்று விழித்தால், "கொசு" என்றாள். பலகையில் பூப்போட்ட தட்டு எப்போது பார்த்தாலும் உலர்ந்திருந்தது. சாப்பிட்ட கையோடு கழுவித் துடைத்து வைத்துவிடுகிறாள் போலிருக்கிறது, சுத்தக்காரி, என்று நினைத்தாள்.

ஒன்றுக்கு இரண்டாக முட்டை வைத்துப் பார்த்தாள். நகம் வெளுத்தே இருந்தது. பிறகு சந்தேகம் கோழிகள் மேல் போயிற்று. முட்டையில் சத்து இல்லையோ? தனக்கென்று கிடைக்கிற கையளவு பயறையும் வாயில் போடாமல் கோழிகளுக்கு இறைத்தாள். "நல்லாத் தின்னுங்கடி. நீங்க தின்னாத்தான் அவளுக்கு ஏறும்" என்று ஒவ்வொன்றிடமும் கெஞ்சினாள். கோழிகள் கொழுத்தன. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்தவர்கள் இவளுக்கு என்ன ஆயிற்று என்று நினைத்திருப்பார்கள். சிரிக்கத்தான் தோன்றும். ஆனால் அந்தப் பயறு அவள் தன் வாயில் போடாதது என்று தெரிந்தால் சிரிப்பு வராது.

"மனுஷங்களையும் தட்டிப் பார்த்துத் தெரிஞ்சுக்க முடிஞ்சா எவ்வளவு நல்லா இருக்கும்" என்று வண்டிக்காரரிடம் சொன்னாள்.

"நம்மளையெல்லாம் தட்டினா பொத்துன்னுதான் கேட்கும் அக்கா" என்றார் அவர்.

அவள் சிரிக்கவில்லை. அவர் அட்டைகளைக் கட்டத் தொடங்கினார்.

நர்சம்மா மறுநாள் வர வேண்டும். அன்று பிற்பகல் தட்டக்கா வழக்கம்போலக் கொட்டகையில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மருமகள். கணவர் குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டிருந்தார். கூடைக்குள் கையை விட்ட தட்டக்கா ஒரு முட்டையை எடுத்ததும் நிறுத்தினாள். வெளுத்த நிறம். கூர்முனையில் கடுகளவு ஒரு பரு. கழுத்தில் இறகில்லாத அந்தக் கிழட்டுக் கோழி மட்டும்தான் இப்படிப் பரு வைத்த முட்டை இடும். அது நேற்றுக் காலையில் அடைக்கு உட்கார்ந்துவிட்டது. அடையில் இருக்கிற கோழி முட்டை இடாது. அது கடைசியாக இட்ட முட்டையை நேற்றுப் பிற்பகல் குண்டானில் வைத்தது தட்டக்காவேதான்.

"நீ எப்படி இங்க வந்தே?" என்று முட்டையைக் கேட்டாள்.

பதில் பக்கத்திலிருந்து வந்தது. மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான்தான் அத்தை எடுத்து வச்சேன். நல்ல முட்டை. தெரியாம வீட்டுக் குண்டானில போட்டுட்டீங்க."

"தெரியாமயா?"

"கொஞ்ச நாளாவே அப்படித்தான் அத்தை. தெனமும் ஒண்ணு மாறிப் போயிடுது. இந்த வாரம் ரெண்டு ரெண்டு. உங்களுக்குக் காது மந்தமாயிட்டு வருதோன்னு நெனச்சேன். சொன்னா மனசு கஷ்டப்படுவீங்க. மாமாவுக்குத் தெரிஞ்சா ஏதாச்சும் சொல்வாரு. அதான் காலையில கூடைய நிரப்பும்போது, நல்லதையெல்லாம் திரும்ப எடுத்து வச்சிடுவேன்."

தட்டக்காவின் கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"கீரை?"

"அதுவும் நல்ல கட்டா இருந்துச்சே அத்தை. வண்டிக்கட்டோட சேர்த்துட்டேன். பூச்சி அரிச்சதை ஆய்ஞ்சு சமைச்சேன்."

"விரிசல் முட்டை?"

"மாமாவுக்குப் போடுவேன்."

"நீ?"

"எனக்கு ஆச்சு அத்தை" என்று அந்தப் பெண் பழக்கத்தில் சொல்லிவிட்டாள். அந்தச் சொல் காதில் விழுந்ததும் தட்டக்காவுக்கு அது 'பொத்' என்று கேட்டது. எத்தனையோ வருஷமாகத் தானே சொல்லி வந்த சொல். அது எப்படிப்பட்ட பொய் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை.

அவளுக்கு ஆத்திரம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. இந்தப் பெண்ணை என்னவென்று திட்டுவது? மாமியாரின் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறாள். வண்டிக்கு எது, வீட்டுக்கு எது என்று மாமியார் காட்டிய வழியில் ஒரு முட்டைகூடத் தவறாமல் பிரித்திருக்கிறாள். அவ்வளவு நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கிறாள். தட்டக்கா தன் கையில் இருந்த முட்டையைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணின் நகத்தைப் பார்த்தாள். நிறத்தில் ஓட்டுக்கும் நகத்துக்கும் அதிக வித்தியாசம் இல்லை. கண் நிறைந்துவிட்டது. துடைக்கக்கூட இல்லை.

வாசலில் வண்டியின் ஹாரன் கேட்டது. வண்டிக்காரர் உள்ளே வந்து, "ஆச்சா அக்கா?" என்று ஓர் அட்டையைத் தூக்கினார்.

"இருங்க தம்பி."

பரு வைத்த முட்டையைக் காதருகே கொண்டுபோனாள். இன்னொரு முட்டையோடு தட்டினாள். 'கிண்.' குறையே இல்லாத முட்டை. அதைக் கீழே இறக்கி, கொட்டகைத் தூணில் ஒரு தட்டு தட்டினாள். இந்த முறை மெல்ல இல்லை. ஓடு விரிசல் விட்டு, வெள்ளைக்கரு ஒரு கோடு கசிந்தது. மருமகள் தன்னை அறியாமல் "ஐயோ" என்றாள்.

"இப்ப இது எங்க போகும்?" என்று தட்டக்கா கேட்டாள்.

"வீட்டுக்கு" என்றாள் அந்தப் பெண், பயந்துபோய்.

"வீட்டுல யாருக்கு?"

தட்டக்கா அவள் கையைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையில் அந்த முட்டையை வைத்து, விரல்களை மூடினாள். "இது உனக்கு" என்றாள். பழக்கமில்லாத வாக்கியம். குரல் தடுமாறித்தான் வந்தது. "இப்பவே போயி அடுப்புல போட்டு, இங்க கொண்டாந்து, என் கண்ணு முன்னாடி சாப்பிடு."

குழாயடியிலிருந்து கணவர் வந்து நின்றார். கால் ஈரம் தரையில் சொட்டியது. "நல்ல முட்டைய எதுக்கு உடைக்கறே?"

"உடைஞ்சாத்தானே இந்த வீட்டுல திங்கலாம்? இல்லன்னா இந்தப் பொண்ணு தூக்கி வண்டியில வச்சிடறா. நாளைக்கு நர்சம்மா வந்து குத்திப் பார்ப்பாங்க. ஏறலன்னா ஆஸ்பத்திரி. ரெண்டு உசுருங்க. என் தங்கச்சி மாதிரி இவளையும் குடுத்துட்டு நிக்கச் சொல்றீங்களா?"

அவர் வாயைத் திறந்தார். 'பார்க்கலாம்' வரவில்லை. வண்டிக்காரரைப் பார்த்தார், முட்டையைப் பார்த்தார், மருமகளின் கையைப் பார்த்தார். அந்தக் கையை அவர் இவ்வளவு நேரம் பார்த்தது இதுதான் முதல் தடவை. "போம்மா, போயி சாப்பிடு" என்றார்.

அந்தப் பெண் எழுந்தாள். இரண்டடி வைத்தவள் வாசற்படியில் நின்று திரும்பினாள். வண்டிக்காரர் அட்டையை நெஞ்சோடு அணைத்தபடி இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

"நீங்க அத்தை?"

தட்டக்கா நெற்றியைத் தட்டிக்கொண்டாள். 'ஆச்சு' நாக்கின் நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்கினாள். கையை நீட்டி, வண்டிக்காரர் பிடித்திருந்த அட்டையின் நடுக் குழியிலிருந்து நல்ல முட்டை ஒன்றைப் பார்த்து எடுத்தாள். காதருகே கொண்டுபோகவே இல்லை. நேராகத் தூணில் ஓங்கித் தட்டினாள்.